ஒரு புத்தக அலமாரிக்கு இவ்வளவு விலையா? 1950களின் இத்தாலிய மாடுலர் அலமாரிகள்

வாசகர் கேள்வி, பிப்ரவரி 8

இணைய ஏலம் ஒன்றில் பார்த்தேன். "இத்தாலி, 1950களின் பிற்பகுதி, மாடுலர் புத்தக அலமாரி, பாலிசாந்தர் (ரோஸ்வுட்) மரம், பிராங்கோ ஆல்பினி பாணி" என்று போட்டிருந்தார்கள். ஐந்து கம்பு, பதினேழு பலகை, கதவு வைத்த இரண்டு பெட்டி. அவ்வளவுதான். ஆரம்ப விலையே பல ஆயிரம் யூரோ. எங்கள் தெரு ஆசாரியிடம் படத்தைக் காட்டினால் ஒரு வாரத்தில் செய்து கொடுத்துவிடுவார். இதில் அப்படி என்ன இருக்கிறது? வாங்கினால் சென்னைக்குக் கொண்டுவர முடியுமா?

பிப்ரவரி 9, இரவு

ஆசாரி செய்வார், சந்தேகமே இல்லை. பலகையை அழகாகச் செய்வார். இந்த அலமாரியில் பலகை ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் விஷயம். அந்த ஐந்து கம்பைப் பாருங்கள். சுவரில் ஆணி இல்லை, பின்பலகை இல்லை, பக்கப் பலகை இல்லை. கம்பின் இரு முனையிலும் பித்தளைக் கால், அதில் திருகு. தரைக்கும் கூரைக்கும் நடுவே நிறுத்தித் திருகினால் இறுகி நின்றுவிடும். வீடு கட்டும்போது சென்ட்ரிங் பலகைக்கு அடியில் சவுக்கு முட்டுக் கொடுப்பார்களே, அதேதான். முட்டு கூரையைத் தாங்குகிறது. இங்கே கூரை முட்டைப் பிடித்துக்கொள்கிறது.

கம்பு ஒழுங்காக நின்றுவிட்டால் மிச்சமெல்லாம் அதில் தொங்கும் சாமான். எந்த உயரத்தில் வேண்டுமானாலும் மாட்டலாம், இன்னொரு கம்பு நட்டு நீட்டலாம், அறைக்கு நடுவே நிறுத்தி இரண்டு பக்கமும் புத்தகம் வைக்கலாம். மாடுலர் என்பது இதைத்தான்.

விலை நியாயமா என்று கேட்டால், எனக்கும் தலை சுற்றத்தான் செய்கிறது. அது வேறு கதை.

பிப்ரவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

"ஆல்பினி பாணி" என்று போட்டிருந்தால் அது ஆல்பினி இல்லை என்று விற்பவரே சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

பிப்ரவரி 11

ஆல்பினி யார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பிராங்கோ ஆல்பினி (1905–1977), மிலானில் வேலை செய்த கட்டடக் கலைஞர். 1950களின் தொடக்கத்திலிருந்து பிராங்கா ஹெல்க் அவரோடு சேர்ந்து அலுவலகம் நடத்தினார். அந்தப் பெயரை விட்டுவிட்டு எழுதுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. மூல அலமாரியின் பெயர் எல்பி7. 1950களின் பின்பாதியில், 1957 வாக்கில், பாவியா ஊரின் போஜ்ஜி பட்டறைக்காக வரைந்தது. போஜ்ஜி பெரிய தொழிற்சாலை இல்லை, தச்சுக் குடும்பம். அவர்களோடு ஆல்பினி ஏறக்குறைய இருபது வருடம் வேலை செய்திருக்கிறார். லூயிசா என்ற நாற்காலிக்கு 1955இல் இத்தாலியின் வடிவமைப்பு விருதான கொம்பாசோ தோரோ கிடைத்தது, அதுவும் இதே கூட்டணிதான். இன்றைக்குக் கடையில் புதிதாகக் கிடைப்பது கசினா நிறுவனம் இன்ஃபினித்தோ என்ற பெயரில் மறுபடி செய்து விற்பது.

அலமாரிக்கு முந்தைய கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆல்பினி முதலில் பெயரெடுத்தது கண்காட்சி அமைப்பதில். 1936இல் மிலான் திரியென்னாலே கண்காட்சியில் பழைய பொற்கொல்லர் வேலைப்பாடுகளுக்கு ஒரு கூடம் அமைத்தார். மெல்லிய செங்குத்துக் கம்புகள், அவற்றில் கண்ணாடிப் பேழைகள். 1941இல் மிலானின் பிரேரா ஓவியக்கூடத்தில் ஓவியர் ஷிப்பியோனேயின் கண்காட்சி. போருக்குப் பிறகு ஜெனோவாவில் பலாத்சோ பியான்கோ அருங்காட்சியகத்தை 1949 முதல் 1951 வரை திருத்தி அமைத்தபோது, ஓவியங்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டாமல் மேலே ஓடும் இரும்புச் சட்டத்திலிருந்து கம்பி விட்டுத் தொங்கவிட்டார். அரண்மனைச் சுவரில் கண்ட இடத்தில் துளை போட முடியாதல்லவா. இந்தக் கைப்பழக்கம்தான் பிறகு வீட்டுக்குள் வந்திருக்கிறது என்பது என் ஊகம். எல்பி7ஐப் புத்தகங்களுக்கான கண்காட்சிச் சட்டகம் என்று நினைத்துப் பாருங்கள், எல்லாம் சரியாகப் பொருந்தும்.

பிப்ரவரி 12

ஆல்பினியை விலை கொடுக்காமல் தொட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மிலான் மெட்ரோவின் 1ஆம் வழித்தடம், 1964இல் திறந்தது. நிலையங்களை ஆல்பினியும் ஹெல்க்கும் செய்தார்கள், எழுத்தும் வழிகாட்டிப் பலகைகளும் வடிவமைப்பாளர் பாப் நூர்டா. படிக்கட்டில் ஓடும் சிவப்புக் கைப்பிடிக் குழாயைப் பாருங்கள். ஒரே குழாய் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும். நான் தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். பெரும்பாலும் ரயிலைத் தவறவிட்டபடி.

பிப்ரவரி 15

கோவை நண்பர் எழுதியிருக்கிறார்: போருக்குப் பிறகு இடிந்துபோன நாட்டில் தொழிலாளர்களின் சின்ன வீடுகளுக்காகப் பிறந்தது இந்த மாடுலர் சிந்தனை என்று. பாதி சரி.

போர் முடிந்த கையோடு இத்தாலியில் வீட்டுப் பஞ்சம் நிஜம். 1949இல் தொடங்கிய இனா-காசா என்ற அரசு வீட்டுத் திட்டம் 1963 வரை ஓடியது, மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டினார்கள். ஆல்பினியே அந்தத் திட்டத்துக்கு வீடுகள் வரைந்திருக்கிறார். சின்ன அறைக்குப் பொருந்தும் கழற்றி மாட்டும் மரச்சாமான், பல வேலை செய்யும் ஒரே சாமான், இதெல்லாம் அன்றைய கண்காட்சிகளில் கொதித்துக்கொண்டிருந்த பேச்சு. சந்தேகமில்லை.

ஆனால் எல்பி7 எந்த இனா-காசா வீட்டுக்கும் போயிருக்காது. பாலிசாந்தர் மரத்தில், பித்தளைக் காலோடு, பாவியாவின் தச்சர்கள் கையால் செய்ததை யார் வாங்கியிருப்பார்கள்? வக்கீல், டாக்டர், பேராசிரியர். புத்தகம் நிறைய வைத்திருந்த, அறைக்கூரை உயரமாக இருந்த ஆட்கள். தொழிலாளி வீட்டுக்குப் போனது அதே யோசனையின் மலிவுப் பதிப்பு. லிஸ்ஸோனே, கான்தூ, மேதா என்று மிலானுக்கு வடக்கே பிரியான்சா வட்டாரம் முழுக்க இருந்த சின்னப் பட்டறைகள் இரும்புக் குழாயும் வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டிய பலகையுமாகச் செய்து தள்ளியவை. பெயரில்லாதவை. இன்றைக்குச் சந்தையில் "ஆல்பினி பாணி" என்று வருவதில் பெரும்பகுதி இவைதான். அதில் கேவலம் ஒன்றுமில்லை. சிலது நல்ல வேலை. விலையில்தான் வில்லங்கம்.

பிப்ரவரி 20

இந்த வாரம் பட்டறையில் ஒன்று வந்தது. (பழைய மரச்சாமான் சீர்செய்யும் இடத்தில் பகுதிநேரம் உதவுகிறேன். படித்தது வேறு, அதை விடுங்கள்.) பெயரில்லாத பிரியான்சா வேலை. கறுப்புப் பூச்சு அடித்த சதுர இரும்புக் குழாய் நான்கு, தேக்கு வெனீர் பலகைகள், நகரும் கதவு வைத்த ஒரு பெட்டி.

மேசையில் படுக்க வைத்த பிறகு கவனித்தேன். நான்கு குழாயிலும் மேல் முனைக்கும் பலகைக் கொக்கி மாட்டும் கடைசித் துளைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கீழ் முனையில் முதல் துளை விளிம்பை ஒட்டியே இருக்கிறது, பித்தளைக் கால் ஏறும்போது துளையில் பாதி மறைகிறது. எந்தப் பட்டறையும் அப்படித் துளை போடாது. அடியில் அறுத்திருக்கிறார்கள். காலைக் கழற்றினால் உள்ளே ரம்பத்தின் பல் தடம் பளிச்சென்று தெரிகிறது, மேல் முனையில் பழைய துரு.

ஏன் அறுத்தார்கள்? மிலானின் பழைய வீடுகளில் கூரை மூன்று மீட்டருக்கு மேல். 1975இல் வந்த அரசாணை குடியிருக்கும் அறைக்குக் குறைந்தபட்ச உயரம் 2.70 மீட்டர் என்று வைத்தது. கட்டுகிறவர்கள் அதற்கு மேல் ஒரு விரற்கடை தருவதில்லை. பாட்டி வீட்டு அலமாரியைப் பேரன் புது ஃபிளாட்டுக்குத் தூக்கிப்போனான், நிமிர்த்தவில்லை, ரம்பம் எடுத்தான்.

ஏலப் படத்தில் பார்க்க வேண்டியது பலகையின் பளபளப்பை இல்லை. கம்பின் இரண்டு முனையையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில்.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அறுத்ததெல்லாம் மோசடி இல்லை. இந்த வகை அலமாரியை வாங்கும்போதே கூரை உயரத்துக்கு ஏற்ப அளவு கொடுத்துச் செய்யச் சொல்வது வழக்கம். அதனால் ஒரு அலமாரியின் கம்பு 2.80 மீட்டர், இன்னொரு அலமாரியின் கம்பு 3.10 என்று இருப்பதாலேயே சந்தேகப்பட வேண்டாம். துளை வரிசை இரண்டு முனைக்கும் பொருந்தி வருகிறதா என்பதுதான் கேள்வி.

பெட்டி பற்றியும் ஒருவர் கேட்டார். பெட்டி மூலமானதா என்று பார்க்க அதை வெளியே எடுத்து, அது தொங்கிய இடத்தில் கம்பில் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது வருடம் ஒரே இடத்தில் தொங்கியது தடம் விடாமல் போகாது.

பிப்ரவரி 21, பின்னிரவு

பாலிசாந்தருக்கு வெயில் ஆகாது. வெளிச்சம் பட்ட இடம் வெளுத்துத் தேன் நிறமாகும், புத்தகத்தின் நிழலில் இருந்த இடம் கறுப்புக் கோடுகளோடு அப்படியே இருக்கும். பழைய பலகையை எடுத்தால் முன்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்த பட்டை ஒன்று ஓடும். பதினேழு பலகை என்கிறார்கள் அல்லவா? பதினேழிலும் அந்தப் பட்டை ஏறக்குறைய ஒரே அகலத்தில், ஒரே பக்கத்தில் இருக்கிறதா? பன்னிரண்டில் இருந்து ஐந்தில் இல்லையென்றால் அந்த ஐந்தும் வேறு வீட்டிலிருந்து வந்தவை. அல்லது நேற்று செய்தவை.

மார்ச் 1

பலகை தொய்வது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதற்கு ரசனை வேண்டாம், கணக்குப் போதும்.

புத்தகத்தின் எடை வரிசை மீட்டருக்குச் சுமாராக 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கனமான கலைப் புத்தகம் என்றால் இன்னும் கூடும். பலகை 25 செ.மீ. ஆழம், 2 செ.மீ. கனம், வெனீர் ஒட்டிய நல்ல பிளாக் போர்டு (மரத் துண்டுகளை ஒட்டிச் செய்த பலகை). இரண்டு கம்புக்கும் நடுவே 90 செ.மீ. இருந்தால் நடுவில் தொய்வு 2 மி.மீ. அளவில் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அதையே 120 செ.மீ. ஆக்கினால் 6 மி.மீ. ஆகிவிடும். தூரம் கூடினது மூன்றில் ஒரு பங்குதான், தொய்வோ மூன்று மடங்குக்கு மேல். இடைவெளியின் நான்காம் அடுக்கில் தொய்வு கூடும் என்பதுதான் விதி. 60 செ.மீ. என்றால் அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்றால் இதெல்லாவற்றையும் மூன்றால் பெருக்குங்கள். அப்புறம் மரம் ஒரே நாளில் தொய்ந்து நிற்பதில்லை. வருடக்கணக்கில் பாரம் ஏறி இருந்தால் மெல்ல மெல்ல இன்னும் இறங்கும். கனத்தைக் கூட்டுவது நல்ல வைத்தியம்: 2 செ.மீ. பலகையை இரண்டரை ஆக்கினால் தொய்வு பாதியாகிவிடும். ஆனால் மெலிந்த பலகைதான் இந்த அலமாரிக்கு அழகு, அதனால் அவர்கள் கம்புகளை நெருக்கி நட்டார்கள். அழகுக்காகக் கம்பு நெருக்கமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மார்ச் 2

"கூரையை நெம்பிவிடாதா?" நல்ல கேள்வி, முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

புத்தகத்தின் பாரம் முழுக்க நேராகக் கீழே தரைக்குத்தான் போகிறது. கூரையின் வேலை அலமாரி முன்னால் சாயாமல் பிடிப்பது மட்டும். ஒரு கம்பு 150 கிலோ சுமக்கிறது, பலகை ஒரு பக்கம் மட்டும் நீட்டியிருப்பதால் பாரத்தின் நடுப்புள்ளி கம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது, கம்பின் உயரம் 3 மீட்டர் என்று வையுங்கள். மேல் முனையை முன்னோக்கித் தள்ளும் விசை ஏழரைக் கிலோதான் வரும். உராய்வில் அதைப் பிடித்து நிறுத்தக் கூரையை 25 கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். பாதுகாப்புக்கு மூன்று மடங்கு என்றாலும் ஒரு ஆள் எடை. கான்கிரீட் கூரைக்கு அது கொசுக்கடி.

ஆனால் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்ட வீட்டில் இந்த அலமாரியை நினைக்கவே வேண்டாம். பலகை உடைந்து கம்பு உள்ளே போகும். சீலிங்கில் துளை போட்டு மேலே உள்ள கான்கிரீட் வரை கம்பை நீட்டலாம், செய்தவர்கள் இருக்கிறார்கள், பார்க்கச் சகிக்காது.

தரைக்குத்தான் கவனம் வேண்டும். மொத்தப் பாரமும் நாணயம் அளவு பித்தளையில் இறங்குகிறது. மொசைக், கிரானைட் தாங்கும். மரத் தரையில் பள்ளம் விழும்.

மார்ச் 3

மழைக்காலத்தில் மரம் ஊதிக் கம்பு கூரையில் முட்டாதா என்று சென்னைத் தம்பி கேட்கிறார். மரம் குறுக்கேதான் ஊதும், சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகமிகச் சொற்பம். பச்சை மரம் முழுக்கக் காய்ந்தால்கூட நீளத்தில் குறைவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதனால் முட்டுக் கொடுக்க மரம் நல்ல பொருள்தான். பயப்பட வேண்டியது கூரைக்கு: மேல் மாடித் தளம் வருடப்போக்கில் சற்றே தொய்யும், அந்தப் பாரமும் உங்கள் அலமாரி மேல் இறங்கும். எப்போதாவது திருகைத் தளர்த்தி மறுபடி இறுக்குவது நல்லது.

மார்ச் 9

சென்னைக்குக் கொண்டுவர முடியுமா என்ற பாதிக் கேள்வி இன்னும் பாக்கி நிற்கிறது. தேக்கு, வால்நட் என்றால் கப்பல் செலவும் சுங்கமும்தான் தலைவலி. பாலிசாந்தர் என்றால் கதையே வேறு.

அந்தக் காலத்தில் ஐரோப்பியத் தச்சர்கள் விரும்பியது பிரேசில் நாட்டு மரம், டால்பெர்ஜியா நிக்ரா. வெட்டி வெட்டி அழியும் நிலைக்குப் போனதால் 1992இல் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில் ஏற்றினார்கள். யானைத் தந்தத்துக்குச் சமமான கட்டுப்பாடு. 2017 ஜனவரியில் டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள், மற்ற வகைகள் இரண்டாம் பட்டியலில். ஆக, அலமாரியை நாடு தாண்டி அனுப்ப இத்தாலியில் சான்றிதழ் வாங்க வேண்டும், இந்திய இறக்குமதி விதியையும் விசாரிக்க வேண்டும். இத்தாலியில் இதைப் பார்ப்பது காராபினியேரியின் வனப் பிரிவு. ஆமாம், போலீஸ்தான். புத்தக அலமாரிக்கு.

"பழைய பொருள்தானே, விலக்கு இல்லையா?" என்று உடனே கேட்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த எல்லை 1947 மார்ச். 1957 அலமாரி பத்து வருடம் இளையது. பிரேசில் மரம் என்றால் ஒன்றியத்துக்குள்ளேயே விற்பதற்கும் தாள் வேண்டும். இந்தத் தாள் கையில் இல்லாமல் "உலகெங்கும் அனுப்புவோம்" என்று விளம்பரம் செய்பவர்கள் எத்தனை பேர் என்று போய்ப் பாருங்கள்.

மார்ச் 10

ஆம், நம் ஈட்டி மரம் (சில ஊர்களில் தோதகத்தி) இதே பேரினம்தான், டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. இதுவும் ஐரோப்பிய மரச்சாமானுக்குப் போயிருக்கிறது. ஒரு அலமாரியில் வெனீர் நீலகிரிப் பக்கத்து மரமாகவும் இருக்கலாம். பாலிஷுக்குக் கீழே பிரேசில் மரத்தையும் இதையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம், மைக்ராஸ்கோப்பில்தான் உறுதி செய்ய முடியும். விற்பவர்கள் காகிதத்தில் "இந்தியப் பாலிசாந்தர்" என்று எழுதிவிட்டு வாயால் "பிரேசில்" என்று சொல்வதுண்டு. ஒன்று சட்டத்துக்கு, மற்றது விலைக்கு.

ஈட்டியிலேயே புதிதாகச் செய்துகொள்ளலாமே என்று கேட்டவருக்கு: தமிழ்நாட்டில் ஈட்டி மரத்துக்கென்றே 1994இல் தனிச் சட்டம் போட்டார்கள், பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று. அந்தச் சட்டம் 2025 வரை நடப்பில் இருந்தது. தேக்கில் செய்யுங்கள். அல்லது பழைய வீட்டு ஈட்டி உத்தரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை இழைக்கும்போது வரும் வாசனைக்கே தனி விலை கொடுக்கலாம்.

மார்ச் 22

மாடுலர் என்பதை எல்லோரும் வரமாகவே பேசுகிறீர்கள். எனக்கு இப்போது அதில்தான் சந்தேகம்.

"எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற வாக்குறுதி அலமாரியில் இல்லை, அதைச் செய்த பட்டறையில் இருக்கிறது. பட்டறை மூடினால் அன்றோடு சரி. பதினெட்டாவது பலகை வேண்டுமென்றால் நீங்கள் யாரிடம் போவீர்கள்? ஜெர்மன் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் 1960இல் வரைந்த 606 அலமாரியை விட்சே நிறுவனம் இன்றைக்கும் செய்கிறது. ஸ்வீடனின் ஸ்ட்ரிங் அலமாரி 1949இல் வந்தது, அதுவும் கடையில் கிடைக்கிறது. அவற்றைக் கூச்சமில்லாமல் மாடுலர் என்று சொல்லலாம். இத்தாலியில் அந்தக் காலத்தில் வந்ததில் முக்கால்வாசி இப்போது மாடுலர் இல்லை; எண்ணிக்கை முடிந்துபோன சாமான். கழற்ற முடியும், கூட்ட முடியாது.

கழற்ற முடிவதுதான் வியாபாரிக்குச் சௌகரியம். பத்துக் கம்பு வைத்த ஒரு முழுச் சுவர் கிடைத்தால் அதை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி கொடுத்து, மூன்று "முழு" அலமாரியாக விற்கிறார்கள். பீரோவை இப்படி அறுத்து விற்க முடியுமா? கேள்வி கேட்டவர் கவனத்துக்கு: உங்கள் ஐந்து கம்பில் ஓரத்துக் கம்புகள் இரண்டிலும் வெளிப்பக்கம் பலகை மாட்டிய தேய்மானம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவை ஒரு காலத்தில் நடுக் கம்புகள். மிச்சம் வேறு யார் வீட்டிலோ நிற்கிறது.

மார்ச் 23

"அதனால் என்ன, ஐந்து கம்பும் அசல்தானே" என்கிறார் கோவை நண்பர். ஒரு கோணத்தில் சரிதான். பிரிப்பதற்கென்றே செய்த பொருளைப் பிரித்தார்கள் என்று எப்படிக் குறை சொல்வது? நேற்றைய கோபத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விலையையும் அதே விகிதத்தில் பிரித்தார்களா என்பதுதான் மிச்சப் பாதி.

ஏப்ரல் 6

என் சொந்த வயிற்றெரிச்சல். போன வருடம் ஒரு பெயரில்லாத செட்டை இணையத்தில் வாங்கினேன். பெரிய விலை இல்லை. விற்றவர் "ஒரே வீட்டிலிருந்து, முழுமையானது" என்று எழுதித் தந்தார். மூட்டை பிரித்துக் கம்பை நட்டு, பலகை மாட்ட உட்கார்ந்தால் பாதிக் கொக்கிதான் துளைக்குள் போகிறது. மீதிக் கொக்கியின் கம்பி ஒரு நூல் தடிமன் கூடுதல். வேறு பட்டறையின் சாமான், கறுப்புப் பூச்சு அடித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். பூச்சைச் சுரண்டினால் கீழே சாம்பல் நிறம். புகார் எழுதினேன். "அந்தக் காலத்துக் கைவேலையில் இப்படி வேறுபாடு சகஜம், அதுதான் அதன் அழகு" என்று பதில் வந்தது.

பட்டறைப் பெரியவர் சிரித்துவிட்டு, தடித்த கொக்கிகளை அரத்தால் ராவித் தந்தார். இப்போது எல்லாம் ஏறுகிறது. அகராதிகள் அதில்தான் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் "ஆல்பினியா?" என்று கேட்டால் மறுப்பதில்லை. விற்கும்போது மறுப்பேன், சத்தியமாக.

ஏப்ரல் 7

ஆல்பினி 1940இல் தன் வீட்டுக்காகச் செய்த வெலியேரோ என்ற புத்தக அலமாரியை யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன், இன்று ஒருவர் கேட்டுவிட்டார். இரண்டு மரத் தண்டு, இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி, அதில் தொங்கும் கண்ணாடித் தட்டுகள். கசினா 2011இல் அதையும் மறுபடி செய்யத் தொடங்கியது. கடையில் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறேன். அழகென்றால் அழகு. அதில் ஒரு புத்தகத்தை உருவவே கை கூசியது. அதற்குப் பதினேழு வருடம் கழித்து அதே ஆள் எல்பி7ஐச் செய்தார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. வீட்டில் வைத்துப் புழங்கிப் பார்த்த பிறகுதான் மரப் பலகைக்கு வந்தாரோ என்னவோ.

ஏப்ரல் 19

ஏலம் முடிந்துவிட்டதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கம்பு முனைகளின் படம் கேட்டாராம், வரவில்லை. சைட்டிஸ் தாள் கேட்டாராம், "வாங்குபவர் பொறுப்பு" என்று வந்ததாம். விட்டுவிட்டார். நல்லது. இப்போது தெரு ஆசாரியிடமே போகிறாராம், அளவு சொல்லச் சொல்கிறார். இத்தனை வாதத்துக்குப் பிறகு அவர் முதலில் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம், ஆனால் கையில் கம்பின் கணக்கு இருக்கிறது.

கம்பு தேக்கு, நாலு செ.மீ.க்கு நாலு, முடிச்சு இல்லாத நேர் மரம். வளைந்த மரம் வந்தால் திருப்பி அனுப்புங்கள், திருகி நேராக்க முடியாது. கம்புகளுக்கு நடுவே இடைவெளி 80 செ.மீ.; அதற்கு மேல் போக வேண்டாம். பலகை பிளாக் போர்டில், முன்விளிம்பில் தேக்கு ரீப்பர் ஒட்டச் சொல்லுங்கள். துளைகளை ஒரே அச்சு வைத்து எல்லாக் கம்பிலும் போட வேண்டும். கம்புக்குக் கம்பு அளந்து போட்டால் பலகை ஒருபோதும் மட்டமாக உட்காராது. இதை மட்டும் ஆசாரியிடம் இரண்டு முறை சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. காலுக்குப் பித்தளையைக் கடைசல் பட்டறையில் கொடுத்துத் திருகோடு செய்யலாம். அச்சையும் ஒரு உபரிக் கொக்கியையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து இன்னொரு பலகை வேண்டுமென்றால் ஆசாரி இருப்பாரோ இல்லையோ, அச்சு இருக்கும்.

மே 3

"கூரை பத்தடி, அதாவது 3.05 மீட்டர், கம்பை 3 மீட்டரில் வெட்டச் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். வெட்டுவதற்கு முன் நிறுத்துங்கள்! பத்தடி என்பது கட்டடக்காரர் வரைபடத்தில் போட்டது. கம்பு நிற்கப்போகும் ஐந்து இடத்திலும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். பூச்சும் டைல்ஸும் போன பிறகு ஒரே சுவரில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இரண்டு செ.மீ. வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். திருகு எவ்வளவு நீளம் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.